அஞ்சாம் வார்த்தை நேரத்துல எடுத்த வண்டி

எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. பீடி சிகரெட்டு கிடையாது, வெத்தலைகூடப் போட மாட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்போ எங்க அம்மா வீட்டுல இதைத்தான் பெருசாச் சொன்னாக. குடிச்சிட்டு அடிக்கிறவனுக்குப் போதை தெளிஞ்சா வெக்கமாவது வரும். இவரு தெளிவா இருந்துக்கிட்டே அடிப்பாரு. அடிச்சு முடிச்சதும் முட்டிபோட்டு எனக்காக ஜெபம் பண்ணுவாரு. கன்னம் காந்திக்கிட்டு இருக்கும்போது, இவளுக்கு நல்ல புத்தியைக் குடும் ஆண்டவரேன்னு பக்கத்துல ஒருத்தர் உருகி உருகிக் கேட்டா எப்படி இருக்கும்னு பட்டவளுக்குத்தான் தெரியும். கடைசியில நானும் ஆமென் சொல்லணும். சொல்லலைன்னா அதுக்குத் தனியா ஒண்ணு விழும்.

சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல சூப்பர்வைசரா இருந்தாரு. எங்க சபைக்கு அவருதான் செயலாளரு. பணத்துல நாணயமானவரு, அதை இல்லைங்க மாட்டேன். கோயில்ல ரெண்டாம் மணி அடிக்கிறதுக்குள்ள எங்க பெஞ்சுல நாங்க இருக்கணும். வெள்ளைச் சேலை, தலையில முக்காடு, கையில வேதம். வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமை வீட்டு ஜெபம், ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆராதனை. காய்ச்சல்னாலும் போகணும், மாசத்துல வயித்துவலின்னாலும் போகணும். எனக்கு அப்ப பக்தி இருந்துச்சான்னு கேட்டா, பயம் இருந்துச்சு, அம்புட்டுத்தான். அடிக்குப் பயந்து போனேன். அடிக்குப் பயந்து பாடுனேன். சபையில என்னைப் பக்தியுள்ள பொம்பளைன்னு சொல்லுவாக, எனக்குச் சிரிப்பா வரும்.

எங்க பக்கம் குழாய்த் தண்ணி வாரம் பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வரும். எந்நேரம் வரும்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை முதல் மணி அடிக்கும்போது வந்து தொலைச்சது. தண்ணியை விட்டுட்டு எந்தப் பொம்பளை போவா? நானும் பக்கத்து வீட்டு அக்காவும் தெருக்குழாயில குடத்தைப் போட்டுப் பிடிச்சிக்கிட்டு இருந்தோம். இவரு வேதத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாரு. நெறைஞ்சு நின்ன குடத்தை எல்லாம் ஒவ்வொண்ணா மிதிச்சுக் கவுத்தாரு. தெருவெல்லாம் தண்ணி ஓடுச்சு. என் சடையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயி, வெள்ளைச் சேலையை மூஞ்சியில எறிஞ்சாரு. அன்னைக்கு ஈரப் பாவாடையோட பெஞ்சுல உக்காந்து நான் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடுனேன்.

சாயங்காலம் அக்கா தான் பிடிச்ச தண்ணியில பாதியை எனக்கு ஊத்துச்சு. தாடை வீங்கியிருக்குன்னு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டுச்சு. என்னைவிடப் பதினஞ்சு வயசாச்சும் மூத்தது. சின்ன வயசுல வயக்காட்டு வேலைக்குப் போயிக்கிட்டிருந்து, அப்புறம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில வேலைக்குச் சேந்தது. புருசன் எப்பவோ ஓடிப்போயிட்டான். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. ஆடி மாசமானா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகும். புருசன் பொஞ்சாதி சண்டைக்குள்ள அக்கா வராது. எங்க தெருவுல யாருமே வர மாட்டாக. சத்தம் அடங்குன பெறகு வந்து பத்துப் போட்டுட்டு என்னைக் கேலி பண்ணும். "உங்க சாமி என்னட்டி, மணியடிச்ச பெறகு போனா மூஞ்சியைத் திருப்பிக்கிடுமாக்கும்? எங்க ஆத்தா நான் எந்நேரம் போனாலும் அங்கனதான் உக்காந்திருப்பா"ன்னு சொல்லும்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை வந்துச்சு. செல்போன் ஒண்ணு ரெண்டு பேரு கையில மட்டும் இருந்த காலம். வெயிலு மண்டையைப் பிளந்துச்சு. பன்னெண்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் ஆராதனை. இயேசுநாதர் சிலுவையில பேசுன ஏழு வார்த்தைக்கும் ஆளுக்கு ஒருத்தரா ஏழு பேரு பிரசங்கம் பண்ணுவாக. எங்க வீட்டுக்காரருக்கு அந்த வருசம் அஞ்சாம் வார்த்தை குடுத்திருந்தாக, தாகத்தைப் பத்தினது. ஒரு மாசமா எழுதி எழுதிப் பாத்து, வீட்டுல என்னை எதுக்க உக்கார வச்சுப் பேசிப் பாத்தாரு. நடுவுல கொட்டாவி விட்டேன்னு ஒரு நாள் புஸ்தகத்தைத் தூக்கி அடிச்சாரு.

அன்னைக்கு அரசாங்க லீவுதான். ஆனா ஆர்டர் நெருக்கடின்னு அக்கா வேலை பாக்குற இடத்துல வரச் சொல்லிட்டாக. காலையில தூக்குவாளியோட போகும்போது, உங்க சாமி செத்ததுக்கு எனக்கு லீவு இல்லையாம்ட்டின்னு சொல்லிட்டுப் போச்சு.

இவரு மேடையில ஏறிப் பேச ஆரம்பிச்சு கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுச்சு. அதுக்குப் பெறகுதான் சத்தம் வந்துச்சு. ஜன்னல் கதவெல்லாம் படார் படார்னு அடிச்சிக்கிச்சு. எங்க ஊருக்காரவுகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். கொளுத்திப் போடுற வெடி காதுல கேக்கும், பட்டாசு செய்யுற ஷெட்டு போற வெடி நெஞ்சுக்குள்ள கேக்கும். பொம்பளைக எந்திரிச்சு ஓடப் பாத்தாக. இவரு மைக்குல, யாரும் வெளிய போகாதீக, அடுத்த சத்தம் இருக்குன்னு சொன்னாரு. அது சரிதான். பக்கத்து ஷெட்டுக்குத் தீ பாயும்னு தெரியாம மொத சத்தத்துக்கே ஓடுனவுகதான் எப்பவும் நெறையச் சாவாக. சொன்ன மாதிரியே ரெண்டாவது சத்தமும் வந்துச்சு. ஒரு ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு விழுந்துச்சு. அதுக்குப் பெறகு வேற சத்தம் இல்லை. விஸ்வநத்தம் பக்கம் பொகை எந்திரிச்சு நின்னுச்சு.

இப்ப ஆம்பளைகளும் எந்திரிச்சாக. இவரு உக்காருங்கன்னு கையைக் காட்டுனாரு.

"ஆண்டவரு சிலுவையில தொங்கிக்கிட்டு இருக்காரு. பாதியில எந்திரிச்சுப் போறவுக யாரு? ஆராதனை மூணு மணிக்கு முடியும். அதுக்குப் பெறகு போகலாம்."

பாதிப்பேரு உக்காந்துட்டாக. சில பேரு குனிஞ்சு பின்வாசல் வழியா நழுவுனாக. குருவானவர் ஐயா சின்ன வயசுக்காரரு, கமிட்டிக்குப் பயந்தவரு, தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. இவரு நெசமாவே பழையபடி தாகத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு. கோயில் வாசல்ல சபை வேன் நின்னுச்சு. அதோட சாவி எப்பவும் இவரு ஜிப்பாப் பையிலதான் இருக்கும். அந்த நேரத்துல எங்க பக்கம் வேற வண்டி எதுவும் கிடையாது.

எந்திரிச்சு நடந்தேன். பொம்பளைக பக்கம் இருந்து மேடைக்கு யாரும் அப்படிப் போனது கிடையாது. படிக்குக் கீழ நின்னு, சாவியைக் குடுங்க, அக்கா அங்கனதான் இருக்குன்னு மெதுவாச் சொன்னேன். என் தலைக்கு மேல பாத்துப் பேசிக்கிட்டே இருந்தாரு. மறுபடி கேட்டேன். மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, போய் உக்காரு, வீட்டுல வச்சுப் பேசிக்கிடுதேன்னாரு. வீட்டுல என்ன பேச்சு நடக்கும்னு எனக்குத் தெரியாதா? எப்படியும் விழப்போற அடி, இங்கனயே விழட்டும்னு தோணுச்சு. படியேறி அவரு பைக்குள்ள கையை விட்டேன்.

பை கிழிஞ்சது. அவரு விட்டாரு ஒரு அறை. மைக்கு பக்கத்துல இருந்ததால அந்த அறை ஸ்பீக்கர்ல கோயில் பூராவும் கேட்டுச்சு. அம்புட்டு வருசமும் செவுத்துக்குள்ள விழுந்த அடி அன்னைக்கு ஊருக்குக் கேட்டுச்சு. நான் அவரு மணிக்கட்டைக் கடிச்சேன். வாயில ரத்தம் உப்பா வந்துச்சு, விடலை. முடியைப் பிடிச்சு உலுக்குனாரு, வயித்துல மிதிச்சாரு. படியில உருண்டு கீழ விழுந்தேன், சாவியும் விழுந்துச்சு. அத்தனை பேரு இருந்தாக, ஒருத்தரும் அசையலை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை மட்டும் ஓடிவந்து சாவியை எடுத்துட்டு வெளிய ஓடுனாரு. வேனை ஓட்டுறதும் அவருதான்.

நான் எந்திரிச்சு பலிபீடத்து மேல பெரிய வெள்ளிக்குன்னு விரிச்சிருந்த கறுப்புத் துணியை உருவுனேன். சிலுவை சாஞ்சு கீழ விழுந்துச்சு. கோயிலே ஐயோன்னுச்சு. தீயில சிக்குனவுக உடம்புல பொட்டுத் துணி இருக்காது, எங்க ஊருப் பொம்பளைக்கு அது தெரியும். வெடிச்ச இடத்துக்குப் போறவ மொதல்ல துணியைத்தான் எடுப்பா. பின்பெஞ்சு பொம்பளை ஒருத்தி ஜன்னல் திரையைக் கழட்டி என் கையில திணிச்சா.

ரெண்டையும் அள்ளிக்கிட்டு வேன்ல ஏறுனேன். கம்பெனி ரோட்டைத் தாண்டி வேன் போக முடியலை, அம்புட்டுப் பொகை. பொகைக்குள்ள இருந்து ஆளுக வந்தாக. கை ரெண்டையும் உடம்புல படாம முன்னால தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வந்தாக. ஒருத்தரும் கத்தலை, அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. அக்காவை எனக்கு அடையாளம் தெரியலை. வேலிக்கருவை மரத்தடியில உக்காந்திருந்த ஒரு உருவம், என் சேலை எங்கட்டின்னு கேட்டுச்சு. முடி இல்லை, புருவம் இல்லை, குரல் மட்டும் அக்கா. தூக்குறதுக்குக் கையைப் பிடிச்சேன், தோலு என் கையோட வந்துருச்சு. கறுப்புத் துணியில சுத்தித் தூக்கி வேன்ல வச்சோம். இன்னும் மூணு பேரை ஏத்துனோம்.

வண்டியில எல்லாரும் தண்ணி தண்ணின்னாக. குடுத்தா செத்துருவாகன்னு கோயில்பிள்ளை கத்துறாரு, எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் நம்புவாக. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியலை. வண்டியில இருந்த தண்ணியில முந்தானையை நனைச்சு உதட்டுல பிழிஞ்சேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அங்கன ஒருத்தர் மேடையில நின்னு தாகத்தைப் பத்திப் பேசுறாரு. சாமியைத் திட்டுனேன். நெசமாவே வாயைத் திறந்து திட்டுனேன். நீரு இன்னைக்குச் செத்தவருதான, உமக்கும் வலிச்சிருக்கும்ல, தொங்கிக்கிட்டு இருந்தது போதும், கீழ இறங்கி இந்த வண்டியில ஏறும்யான்னு சொன்னேன். அதுக்கு முன்னால ஆயிரம் ஜெபம் சொல்லியிருப்பேன். ஒண்ணுகூட நானா மனசாரச் சொன்னது இல்லை.

சிவகாசி ஆஸ்பத்திரியில முதலுதவி பண்ணி மதுரைக்கு அனுப்பிச்சாக. ஏத்துன மூணு பேருல ஒருத்தர் வழியிலயே போயிட்டாரு. தீக்காய வார்டுல பொம்பளைப் பக்கம் ஆம்பளை தங்கக் கூடாது. அக்கா மகன் திருப்பூர்ல இருந்து வந்து வராந்தாவுல கெடந்து அழுதான். கூட இருக்க ஆளு வேணும்னாக, நான் இருந்தேன். வீட்டுக்குச் சொல்லவும் இல்லை, கேக்கவும் இல்லை.

அக்கா பொழைச்சிரும்னுதான் மொதல்ல நெனைச்சோம். மொத நாளு பாலு குடிச்சது. அப்புறம் வாயை மூடிருச்சு. நர்சம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, முட்டையும் பாலும் உள்ள போகலைன்னா புண்ணு ஆறாது, ஆளு தங்க மாட்டாகன்னு சொன்னாக. நான் முட்டையை அவிச்சு வாங்கி உதட்டுக்கிட்ட கொண்டு போவேன், மூஞ்சியைத் திருப்பிக்கிடும். கட்டு மாத்துற நேரம் இருக்கே, அது எந்த எதிரிக்கும் வரக் கூடாது. துணி புண்ணுல ஒட்டியிருக்கும், உரிக்கணும். அக்கா துணி சுத்துன கையால என் மூஞ்சியில, நெஞ்சுல, எங்க படுதோ அங்க அடிக்கும். வாயில வராத கெட்ட வார்த்தை எல்லாம் வரும்.

"நீ ஏண்டி என்னைத் தூக்கிட்டு வந்தே? நான் பாட்டுக்கு அங்கனயே போயிருப்பேன்ல. உன் சாமி வெளங்காமப் போக, நீயும் வெளங்காமப் போக."

வாங்கிக்கிட்டேன். புருசன் அடிச்சப்போ எனக்குள்ள வந்த வெறுப்பு இதுல வரலை. ஆனா பயம் வந்துச்சு. கண்ணு முன்னால அக்கா சாகத் துணிஞ்சு கெடக்கு, எனக்கு அதைத் திருப்பத் தெரியலை. கட்டிலுக்கு அடியில உக்காந்துக்கிட்டு ஜெபம் பண்ணுனேன். ஒரு முட்டை உள்ள போகணும் ஆண்டவரே, ஒண்ணே ஒண்ணு. வேற எதுவும் கேக்கலை. மூணாம் நாளு வார்டுல யாரோ கேக்கு குடுத்தாக. என்ன விசேசம்னு கேட்டேன், ஈஸ்டராம். பொறந்ததுல இருந்து நான் கோயிலுக்குப் போகாத ஈஸ்டர் அது ஒண்ணுதான். நான் அதை மறந்தே போயிட்டேன்.

அதுக்கு நாலு நாளு கழிச்சு இவரு வந்தாரு. வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுல கட்டு. கையில ஒரு பையில எனக்கு வெள்ளைச் சேலை. பாக்குற நேரம்னால உள்ள விட்டுட்டாக போல. கமிட்டி கூடித் தீர்மானம் போட்டாச்சாம். வர்ற ஞாயித்துக்கிழமை நான் சபைக்கு முன்னால முட்டிபோட்டு மன்னிப்புக் கேக்கணுமாம், ஆராதனையைக் கெடுத்ததுக்கும் பலிபீடத்தைத் தீட்டாக்குனதுக்கும். இல்லைன்னா நற்கருணை கிடையாதாம். இப்பவே கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு. கட்டில்ல கெடக்குற அக்காவை ஒரு பார்வை பாக்கலை. இவுகளை யாரு பாப்பான்னு கேட்டேன். அவுக சாமி பாத்துக்கிடும்னாரு.

"நான் வரலை. மன்னிப்பும் கேக்க மாட்டேன். நீங்க போங்க, எனக்கு இங்கன வேலை கெடக்கு."

அவருக்கு நேருக்கு நேரா நான் அப்படிச் சொன்னது அதுதான் மொதத் தடவை. வார்டுன்னு பாக்கலை, ஆளுக இருக்காகன்னு பாக்கலை. சடையைச் சுத்திப் பிடிச்சு என் தலையைக் கட்டில் இரும்புல மோதுனாரு. முட்டைத் தட்டு கீழ விழுந்துச்சு. ரெண்டாவது தடவை மோதுனப்போ கண்ணு இருட்டிருச்சு, புருவத்துல இருந்து ரத்தம் வழியுது. வெந்து கெடக்குற பொம்பளைகளெல்லாம் கத்துறாக. ஆயாம்மா ஓடி வாராக.

"கையை எடுலே."

அக்கா குரலு. பொகையைக் குடிச்சுத் தொண்டை புண்ணாகி, கட்டையா வந்துச்சு. அந்த மனுசனைப் பாக்குற போதெல்லாம் தம்பி தம்பின்னு மரியாதையாக் கூப்பிடுற பொம்பளை. நான் அண்ணாந்து பாக்கேன், அக்கா எந்திரிச்சு உக்காந்திருக்கு. அத்தனை நாளாத் தூக்கி உக்கார வச்சாலும் சாயுற ஆளு. கையில குத்தியிருந்த குளுக்கோஸ் ஊசி பிடுங்கிக்கிட்டு வந்து ரத்தம் சொட்டுது.

"அவ மேல இருந்து கையை எடுலேன்னு சொல்லுதேன். எந்திரிச்சு வந்தேன்னா உன் தொண்டையைக் கடிச்சுத் துப்பிருவேன்."

அவரு கை தானா விட்டுருச்சு. கண்ணை எடுக்காம அக்கா மூஞ்சியைப் பாத்தாரு. வந்ததுல இருந்து அப்பத்தான் பாத்தாரு. பின்பக்கமாவே நடந்து போனாரு, ஆயாம்மா தரை தொடைக்கிற கம்பை வச்சு வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போனாக. வெள்ளைச் சேலைப் பை அங்கனயே கெடந்துச்சு.

நர்சம்மா வந்து அக்காவுக்கு மறுபடி ஊசி போட்டாக, என் புருவத்துல பஞ்சை வச்சு அமுக்கிப் பிடிக்கச் சொன்னாக. நான் தரையில உக்காந்திருந்தேன். அழுகை வரலை. அக்கா ரொம்ப நேரம் மூச்சு வாங்கிக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துக் கெடந்துச்சு.

"ஏட்டி, அவன் எப்பவும் இப்படித்தான் அடிப்பானா?"

"ஆமா."

"செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும்போது இம்புட்டுன்னு தெரியலையே எனக்கு."

அக்கா தலையை என் பக்கம் திருப்புச்சு.

"கீழ விழுந்த முட்டையை எடு. கழுவிட்டுக் கொண்டா. நான் செத்தேன்னா அவன் உன்னைக் கொன்னு போட்டுருவான்."

குழாயில கொண்டு போயிக் கழுவுனேன். கையெல்லாம் என் ரத்தம், அதையும் கழுவுனேன். நான் ஜெபத்துல கேட்டது இதுதான், ஆனா இப்படி ஒரு வழியில வரும்னு நான் நெனைக்கலை. முட்டையைச் சின்னதாப் பிட்டு வாயில வச்சேன். அக்காவுக்கு முழுங்க முடியலை, கண்ணுல இருந்து தண்ணி ஊத்துது. ஓங்கரிச்சு வெளிய வந்துச்சு, துடைச்சிட்டு மறுபடி வச்சேன். என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிட்டு முழுங்குச்சு. முழு முட்டையும் உள்ள போக அரை மணி நேரம் ஆயிருக்கும். அதுக்குப் பெறகு, இன்னொண்ணு இருக்காட்டின்னு கேட்டுச்சு. என்கிட்ட இல்லை, பக்கத்துக் கட்டில்காரவுககிட்டக் கேட்டு வாங்கியாந்து குடுத்தேன்.